பிள்ளை வளரும்போது பயமும் ஏன் வளர்கிறது? போருக்குப் பிந்திய வீடுகளில் பருவமடைதல்

2009 மே மாதத்தில் 14, 15 வயதில் இருந்த பெண்பிள்ளைகள் இன்று முப்பதைத் தாண்டிவிட்டார்கள். முள்ளிவாய்க்காலில் பதுங்குகுழியிலிருந்து வெளியே வந்து, செட்டிகுளம் மனிக் பாம் முகாமின் கூடாரங்களில் மாதக்கணக்கில் கிடந்தவர்கள் அவர்கள். இன்று அவர்களில் பலர் தாய்மார். 1995 ஒக்ரோபரில் வலிகாமம் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது அதே வயதில் இருந்தவர்களின் பிள்ளைகளோ ஏற்கெனவே பதின்ம வயதில் நிற்கிறார்கள். போருக்குள் உடல் வளர்ந்த ஒரு தலைமுறை, தன் பிள்ளைகளின் உடல் வளர்வதை இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறது.

செய்தி சேகரிக்கப் போகும் வீடுகளில் நான் அதிகம் கேட்பது காணி, காணாமல் ஆக்கப்பட்டவர், நுண்கடன் பற்றித்தான். ஒலிப்பதிவை நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கும் நேரத்தில் தாய்மார் கேட்பது வேறு. மகளுக்கு ஒன்பது வயதுதான், மார்பு தடித்து நோகிறது என்கிறாள், ஏதும் வருத்தமா? மகன் முந்தி மடியில் படுப்பான், இப்போது கிட்ட வருகிறானில்லை, யாரும் ஏதும் செய்துவிட்டார்களா? பிள்ளை பெரியபிள்ளையாகி மூன்று மாதமாகிறது, திரும்ப வரவேயில்லை, டொக்டரிடம் போனால் ஊர் என்ன சொல்லும்? இவை செய்தியாவதில்லை. எங்கள் ஊடகங்களில் இதற்கு ‘மகளிர் பக்கம்’ என்று ஒரு மூலை உண்டு. ஆனால் வருடக்கணக்காக இந்தக் கேள்விகளைக் கேட்டுவரும் எனக்கு, இது காணி, நீதி ஆகியவற்றுக்குக் குறையாத ஒரு போருக்குப் பிந்திய பிரச்சினையாகவே தெரிகிறது. ஏனெனில் இந்தக் கேள்விகளின் அடியில் இருப்பது அறியாமை மட்டுமல்ல, பயமும்தான்.

பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு

எந்தச் சமூகத்திலும் பெண்பிள்ளை வளர்ந்தால் பெற்றோர் கவலைப்படுவார்கள். எங்கள் ஊர்களில் அந்தக் கவலைக்கு நாளும் இடமும் உண்டு. 1996 செப்டெம்பரில் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பிய மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி செம்மணிச் சோதனைச்சாவடியில் மறிக்கப்பட்டு, வன்புணரப்பட்டுக் கொல்லப்பட்டார். அவரைத் தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் திரும்பி வரவில்லை. அன்றைக்குப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பெண்பிள்ளைகள் எல்லோரும் அந்தப் பெயரோடுதான் வளர்ந்தார்கள். வன்னியில் இன்னொரு பயம். வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கம் ஆட்சேர்த்த கடைசி ஆண்டுகளில், பிள்ளை ‘வளர்ந்துவிட்டது’ என்று தெரிவதே ஆபத்தாக இருந்தது. பிள்ளைகளை ஒளித்து வைத்தார்கள். பிடித்துக்கொண்டு போகாமலிருக்க அவசர அவசரமாகக் கலியாணம் கட்டி வைத்தார்கள். பிறகு முகாம். முட்கம்பி, இராணுவக் காவல், வரிசையில் நின்று போகும் மலசலகூடம், மறைப்பில்லாத குளிப்பிடம்.

எங்கள் குடும்பத்திலேயே மூன்று பேரை எடுக்கிறேன். என் பெரியம்மாவின் மகள் 1995 இடப்பெயர்வில், தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் பெரியபிள்ளையானவர். நான் சமாதான காலத்தில், மண்டபம் எடுத்து, பந்தல் போட்டுத் தண்ணி வார்க்கப்பட்டவள். என் சித்தியின் மகள் 2009 இல் மனிக் பாமில், யாரோ கொடுத்த ஒரு துவாயோடும் ஒரு வாளித் தண்ணியோடும். மூன்று பேரின் நிலைமைக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஆனால் அன்றைக்கு எங்களுக்குச் சொல்லப்பட்டது ஒரே வசனம்: “இனி நீ கவனமா இருக்கோணும்.” எதில் கவனம், யாரிடம் கவனம், கவனமாக இருந்தும் ஏதும் நடந்தால் என்ன செய்வது என்று மூவருக்கும் யாரும் சொல்லவில்லை.

அந்தத் தாய்மாரை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் கண்ட உலகத்தில் அதைவிடப் பெரிய அறிவுரை இருந்திருக்க முடியாது. ஆனால் அதே வசனம் இன்று பதினொரு வயதுப் பிள்ளையிடம் விளக்கமில்லாமல் வந்து சேரும்போது, பிள்ளைக்குக் கேட்பது வேறொன்று: என் உடம்பு ஒரு பிரச்சினை, அதற்கு ஏதும் நடந்தால் பிழை என்னுடையது. அப்படி நினைக்கும் பிள்ளை வலியையும் சொல்லாது, தொல்லையையும் சொல்லாது. தாய் பாதுகாப்பு என்று நினைத்துக் கொடுத்த மௌனம் பிள்ளையைத் தனியே விட்டுவிடுகிறது.

சாமத்திய வீடு: யாருடைய நாள்?

சாமத்திய வீட்டை ஒழிக்கவேண்டும் என்று எழுதுவது சுலபம். நான் அப்படி எழுதப்போவதில்லை. சிதறிப்போன குடும்பங்கள் ஒன்றுகூடும் நாள் அது. கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் மாமன்மார் வந்து நிற்பார்கள். சாவீட்டைத் தவிர வேறெதற்கும் ஊர் கூடாத காலம் ஒன்று இருந்தது. அதற்குப் பிறகு ஒரு பிள்ளை வளர்ந்ததற்காக ஊர் கூடுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. உழுத்தம்மாக் களியும் நல்லெண்ணெயும் முட்டையும் வளரும் உடம்புக்குக் கெடுதல் செய்யும் சாமான்களும் அல்ல.

பிரச்சினை மூன்று இடங்களில் இருக்கிறது. முதலாவது, சடங்கு விளக்கத்தின் இடத்தைப் பிடித்துவிடுகிறது. பத்து நாள் வீட்டில் இருத்தி, துடக்கு என்று தட்டும் கோப்பையும் வேறாக்கி, மஞ்சள் பூசி, சேலை உடுத்தி எல்லாம் முடிந்த பிறகும், இரத்தம் ஏன் வருகிறது, அடுத்த மாதம் எப்போது வரும் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்காது. இரண்டாவது, கடன். சுழற்சிக் கடனில் நிற்கும் குடும்பம், மொய் திரும்பி வரும் என்ற கணக்கில் மண்டபம் எடுக்கிறது. கடன் மிஞ்சினால் ‘உன்ர சாமத்திய வீட்டாலதான்’ என்ற சொல் பிள்ளையின் தலையில் விழுகிறது.

மூன்றாவது, கமெரா. ஊடகக் கற்கை படித்தவள் என்ற முறையில் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லவேண்டும். சந்தியில் பிள்ளையின் படத்தோடு பதாகை, ட்ரோன் வீடியோ, பிறகு யூரியூப்பில் முழு நிகழ்வு. ஒரு பிள்ளைக்கு முதல் மாதவிடாய் வந்த செய்தி, பெயரும் முகமும் ஊரும் சேர்த்து, யாரும் பார்க்கக்கூடிய இடத்தில் நிரந்தரமாகக் கிடக்கிறது. கீழே முன்பின் தெரியாத ஆண்கள் அவளின் உடம்பைப் பற்றிக் கருத்து எழுதுகிறார்கள். இதன் இன்னொரு முகம், உதவி செய்கிறோம் என்று வறுமைப்பட்ட வீடுகளுக்குள் கமெராவோடு போய், வளர்ந்த பெண்பிள்ளைகளை முன்னுக்கு நிறுத்திக் கேள்வி கேட்கும் சிலரின் காணொளிகள். அரிசி மூட்டைக்கு விலையாகப் பிள்ளையின் முகம் போகிறது. கொண்டாட விரும்புபவர்கள் கொண்டாடட்டும். ஆனால் பிள்ளையிடம் முதலில் கேட்கவேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம். படங்கள் வீட்டு அல்பத்தோடு நிற்கட்டும்.

பெடியனுக்கு யார் சொல்வது?

பெண்பிள்ளைக்குச் சடங்காவது இருக்கிறது. ஆண்பிள்ளைக்கு அதுவும் இல்லை. தந்தை கொல்லப்பட்ட, காணாமல் ஆக்கப்பட்ட, அல்லது வேலைக்காக மத்திய கிழக்கில் இருக்கும் வீடுகளில் தாய் தனியாக ஆண்பிள்ளை வளர்க்கிறார். குரல் உடையும்போதும், அரும்புமீசை வரும்போதும், படுக்கை விரிப்பைப் பிள்ளை தானே ஒளித்துக் கழுவும்போதும் தாய்க்கு விளங்குகிறது. ஆனால் வாய் திறக்க முடிவதில்லை. அந்த இடைவெளியைக் கைபேசி நிரப்புகிறது. பாலியல் படங்களில் உடம்பைப் பற்றியும் பெண்களைப் பற்றியும் அவன் கற்பது எதுவும் உண்மையல்ல. மறுபுறம், உறக்கத்தில் விந்து வெளியேறினால் நரம்புத் தளர்ச்சி வரும் என்று பயமுறுத்தி மருந்து விற்கும் விளம்பரங்கள்.

தாய்மார் மகனுக்குச் சொல்லவேண்டியது உண்மையில் அதிகமில்லை. உறக்கத்தில் விந்து வெளியேறுவது உடம்பு வளர்வதன் அடையாளம், நோயல்ல, பலவீனமல்ல, அதற்கு மருந்து தேவையில்லை. பருவமடையும் ஆண்பிள்ளைகளில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு மார்பில் சிறு தடிப்பு வரும், பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தானாகப் போய்விடும். இதைத் தெரியாமல் வெட்கத்தில் விளையாட்டுக்குப் போகாமலும் சேட்டைக் கழற்றாமலும் இருக்கும் பிள்ளைகள் உண்டு. நேரே சொல்ல முடியாவிட்டால் நம்பிக்கையான மாமனோ, அண்ணனோ, ஆசிரியரோ சொல்லலாம். ஆனால் ‘அம்மாவிடமும் கேட்கலாம்’ என்ற கதவு திறந்திருக்கவேண்டும். அக்காவின் மாதவிடாயைப் பற்றியும் அவனுக்குச் சொல்லவேண்டும். வகுப்பில் ஒரு பிள்ளையின் வெள்ளைச் சீருடையில் கறை பட்டால் சிரிக்கும் பெடியன்கள், சொல்லிக் கொடுக்கப்படாத பெடியன்கள்.

பாடசாலை எங்கே நிற்கிறது?

சுகாதாரமும் உடற்கல்வியும் தரம் 6 முதல் 9 வரை கட்டாய பாடம். பருவமடைதல் பற்றி அதில் இருக்கிறது. ஆனால் அந்த அலகு வரும்போது ‘வீட்டில் வாசியுங்கோ’ என்று ஆசிரியர் தாண்டிப் போவது எங்கள் பாடசாலை நாட்களிலும் நடந்தது, இப்போதும் நடக்கிறது என்று மாணவர்கள் சொல்கிறார்கள். 2019 இல் தரம் 7 மாணவர்களுக்காக இனப்பெருக்க சுகாதாரம் பற்றி ‘ஹதே அபே பொத’ என்ற நூல் ஆக்கப்பட்டபோது, எதிர்ப்புக் கிளம்பி விநியோகம் நிறுத்தப்பட்டது. 2026 ஜனவரியில், தரம் 6 ஆங்கிலக் கற்றல் ஏட்டில் பொருத்தமற்ற ஓர் இணையத்தள முகவரி இடம்பெற்ற சர்ச்சைக்குப் பிறகு, அந்தத் தரத்துக்கான கல்விச் சீர்திருத்தமே 2027 க்குத் தள்ளிப்போடப்பட்டது. அந்தத் தவறு தவறுதான். ஆனால் கொழும்பில் ‘பிள்ளைகளின் ஒழுக்கம்’ என்று அரசியல் சண்டை மூளும் ஒவ்வொரு தடவையும், ஆசிரியர்கள் இன்னும் பயந்துபோய், இருக்கிற அலகையும் தாண்டிப் போகிறார்கள். சண்டையின் விலையைக் கொடுப்பது வகுப்பறையில் இருக்கும் பிள்ளை.

நல்ல பக்கமும் உண்டு. 2018 இல் இறக்குமதியாகும் சுகாதார அணையாடைகளுக்கு மொத்த வரி 101.2 வீதமாக இருந்தது. எதிர்ப்புக்குப் பிறகு அது படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 2024 இல், வசதி குறைந்த பாடசாலைகளின் சுமார் 8 இலட்சம் மாணவிகளுக்கு அணையாடை வாங்க 1,200 ரூபா பெறுமதியான வவுச்சர் வழங்கும் திட்டம் தொடங்கியது. பொருளாதார நெருக்கடியில் பழந்துணிக்குத் திரும்பிய வீடுகளுக்கு அது பெரிய விடயம். ஆனால் அணையாடை மட்டும் போதாது. மாற்றுவதற்குப் பூட்டுள்ள கதவும், கழுவத் தண்ணீரும், பாவித்ததைப் போட மூடியுள்ள வாளியும் வேண்டும். இவை இல்லாத பாடசாலையில் பிள்ளை தண்ணி குடிக்காமல் இருந்துவிட்டு வீட்டுக்கு ஓடுகிறது, அல்லது அந்த நாட்களில் வருவதேயில்லை.

இங்கே அரசியல் கேள்வி ஒன்றும் உண்டு. எங்கள் பாடசாலைகளில் பெரும்பாலானவை மாகாணத்தின் கீழ் வருபவை. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் இல்லாமல் ஆளுநரின் கீழேயே நிர்வாகம் ஓடியது. மலசலகூடத்துக்குக் கதவில்லை என்று ஒரு தாய் முறையிடத் தன் வாக்கால் தெரிவான மாகாண உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. அதிகாரப் பரவலாக்கம் பற்றிய எங்கள் விவாதங்களில் இந்தக் கதவையும் சேர்க்கவேண்டும்.

வீட்டில் தொடங்கக்கூடியவை

முந்திச் சொல்லுங்கள். பெண்பிள்ளைகளில் மாற்றங்கள் 8 வயதுக்கும் 13 வயதுக்கும் இடையில் தொடங்கும். முதலில் மார்பு அரும்பும், ஒரு பக்கம் முந்தியும் வரலாம், தொட்டால் நோகலாம். அதிலிருந்து ஏறத்தாழ இரண்டு, இரண்டரை ஆண்டுகளில் முதல் மாதவிடாய் வரும். ஆகவே மார்பு அரும்பியதும் பேச்சைத் தொடங்க நேரம் வந்துவிட்டது. ஆண்பிள்ளைகளில் 9 க்கும் 14 க்கும் இடையில் விதைகள் பெரிதாவதோடு தொடங்கும், குரல் மாறுவது பிறகுதான். ஒரே நாளில் இருத்திவைத்து எல்லாம் சொல்லத் தேவையில்லை. துணி மடிக்கும்போது, சமைக்கும்போது, கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லலாம்.

உடல் உறுப்புகளுக்கு உண்மையான பெயரைச் சொல்லிக் கொடுங்கள். பெயர் தெரியாத இடத்தில் ஏதும் நடந்தால் பிள்ளையால் சொல்ல முடியாது.

புத்தகப் பையில் ஓர் அணையாடையும் ஒரு மாற்று உள்ளாடையும் முந்தியே வைத்துவிடுங்கள். நான்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். துணி பாவிப்பது கேவலமல்ல. ஆனால் சவர்க்காரமிட்டுக் கழுவி வெயிலில் காயவைக்கவேண்டும். யாரும் காணக்கூடாது என்று தட்டுமுட்டுச் சாமானுக்குப் பின்னால் ஈரத்தோடு ஒளித்துக் காயவைப்பதில்தான் கிருமி வளர்கிறது. அந்த நாட்களில் குளிக்கலாம், தலை முழுகலாம், விளையாடலாம், பள்ளிக்கூடம் போகலாம்.

முதல் இரண்டு ஆண்டுகளில் மாதவிடாய் ஒழுங்கில்லாமல் வருவது வழமை. ஆனால் வைத்தியரிடம் போகவேண்டிய அறிகுறிகளும் உண்டு: 8 வயதுக்கு முன் மார்பு வளர்ச்சி, 13 வயதாகியும் எந்த மாற்றமும் இல்லாமை, 15 வயதாகியும் மாதவிடாய் வராமை, ஏழு நாளுக்கு மேல் இரத்தப்போக்கு, ஓரிரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அணையாடை நனைந்துபோதல், பள்ளிக்கூடம் போக முடியாத வலி. ஆண்பிள்ளைகளில் 9 வயதுக்கு முன் மாற்றம், அல்லது 14 வயதாகியும் மாற்றமே இல்லாமை. வலிக்குச் சுடுதண்ணி ஒத்தடம் நல்லது, வைத்தியரைக் கேட்டு வலிமாத்திரையும் கொடுக்கலாம். ‘பொறுத்துக்கொள்’ என்பது மருந்தல்ல.

இதற்கெல்லாம் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. கர்ப்ப காலத்தில் வீட்டுக்கு வந்த அதே குடும்பநல உத்தியோகத்தரிடம் வளர்ந்த பிள்ளையைப் பற்றியும் கேட்கலாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினர் பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு வரும் வகுப்புகளில் தரம் 7 உம் 10 உம் அடங்கும். பிள்ளையின் சந்தேகத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். 2017 முதல் தரம் 6 மாணவிகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி இரண்டு தடவையாக இலவசமாகப் போடப்படுகிறது. அந்தச் சம்மதப் படிவம் வீட்டுக்கு வரும் நாள், பேச்சைத் தொடங்க நல்ல சாட்டு. மலட்டுத்தன்மை வரும் என்ற வதந்தியை நம்பி மறுக்காதீர்கள்.

ஆபத்தைப் பற்றிப் பேசுவது

ஆபத்து இல்லை என்று நான் சொல்லவரவில்லை. 2015 மே மாதம் புங்குடுதீவில் பாடசாலைக்குப் போன வழியில் வித்தியா கொல்லப்பட்டது போர் முடிந்து ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு. அதைச் செய்தவர்கள் வெளியாரல்ல. தாய்மாரின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. கேள்வி, அந்தப் பயத்தைப் பிள்ளைக்குப் பயன்படும் அறிவாக எப்படி மாற்றுவது என்பதுதான்.

‘கவனமாக இரு’ என்பதைப் பிரித்துச் சொல்லலாம். உன் உடம்பை நீ விரும்பாமல் யாரும் தொடக்கூடாது, அது சொந்தக்காரராக இருந்தாலும், ரியூசன் வாத்தியாராக இருந்தாலும், கோயில் ஆளாக இருந்தாலும். படம் அனுப்பு என்று யாரும் கேட்டால் எனக்குக் காட்டு. நீ தெரியாமல் அனுப்பியிருந்தாலும் என்னிடம் சொல்லு, நான் அடிக்கமாட்டேன். என்ன நடந்தாலும் பிழை உன்னுடையதல்ல. இந்தக் கடைசி வசனம் ஆண்பிள்ளைக்கும் சேர்த்து. வீட்டில் சொல்ல முடியாத நிலை என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தைப் பிள்ளைக்குப் பாடமாக்கிக் கொடுங்கள். பிள்ளை பல வாரங்களாகத் தூங்காமல், சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இருந்தால் அதை ‘வயசுக் கோளாறு’ என்று விடவேண்டாம். மனநல உதவிக்கு 1926 உண்டு.

தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. மகளின் முதல் இரத்தத்தைக் கண்டதும் சிலருக்கு முகாம் நினைவு வருகிறது, கை நடுங்குகிறது. அது பைத்தியமல்ல. ஒரு காயம் தன் இடத்தைக் காட்டுவது. அதைச் சகோதரியிடமோ மனநல உத்தியோகத்தரிடமோ பேசலாம். விரும்பினால், பிள்ளை தாங்கும் அளவுக்குப் பிள்ளையிடமும் சொல்லலாம். அப்போது பிள்ளைக்கு ஒன்று விளங்கும்: அம்மா பயப்படுவது என்னைப் பார்த்தல்ல, அம்மாவுக்கு நடந்ததை நினைத்து.

அடுத்த பெற்றோர் கூட்டம் வரும்போது வழமையான பரீட்சைப் புள்ளிக் கதைகளோடு மூன்று கேள்விகளையும் கேட்டுவிட்டு வாருங்கள். பெண்பிள்ளைகளின் மலசலகூடத்துக்குப் பூட்டும் தண்ணீரும் இருக்கிறதா? சுகாதாரப் பாடத்தில் பருவமடைதல் அலகு இரு பாலாருக்கும் படிப்பிக்கப்பட்டதா? வவுச்சர் கிடைக்காத பிள்ளை யாரும் இருக்கிறதா? ஒருவர் கேட்டால் அதிபர் சிரித்து மழுப்பலாம். பத்துத் தாய்மார் சேர்ந்து கேட்டால் கூட்ட அறிக்கையில் எழுதியே ஆகவேண்டும்.